முடிவுகள் ஏதுமில்லை

ஒடக்கான் என்று தேடியிருக்கிறார்கள்,
சித்திரையில் மட்டும் பதினேழு முறை.
முடிவுகள் ஏதுமில்லை.

எங்கள் பட்டியலுக்கு அது ஓணான்.
ஊர்வன,
ஐநூற்றுத் தொண்ணூற்றேழு புள்ளி ஒன்பது ஐந்து,
மாடியில் ஜன்னலோர அலமாரி.
ஜன்னலுக்கு வெளியே வேலிமுள் மேல்
தலையை ஆட்டிக்கொண்டிருப்பது
ஒடக்கான்.

ஆடியில் திறந்துவிட்டார்கள் பட்டியலை.
எவரும் சொல் சேர்க்கலாம், பிழை சொல்லலாம்,
நட்சத்திரம் போடலாம்.
வந்து விழுவதைச் சலிக்க நான்:
திருப்பூர், காங்கயம் ரோட்டுக் கிளை நூலகம்,
பதினோரு வருஷம் எண் போட்ட கை.

முதல் வாரமே வந்தது,
மோட்டார் காயில் கட்டும் புத்தகத்தின் கீழே:
"எம்பத்து நாலாம் பக்கத்துப் படம் தலைகீழுங்க.
அதும்படி சுத்துனா பொகைதான் மிச்சம்."
மாடியேறி எடுத்துப் பார்த்தேன்.
தலைகீழ்தான்.
இத்தனை நாளும் தலைகீழாகவே நின்றிருக்கிறது
என் நேரான அலமாரியில்.

அப்புறம் ஓவர்லாக் டெய்லர் ரங்காத்தாள்.
நாவல்களுக்கு அவள் போடும் சொற்கள்:
ரெண்டு டீ பிரேக்குல முடியும்.
நைட் ஷிப்ட்டுக்கு வேண்டாம், அழுகாச்சி வரும்.
மாமியார் இல்லாத கதை.
கடைசிச் சொல்லுக்குக் கீழே
இன்றைக்கு முப்பத்தோரு புத்தகம்,
அத்தனையும் இரவலில்.
'தமிழ் நாவல், இருபதாம் நூற்றாண்டு' என்ற
என் தலைப்பை
இதுவரை மூன்று பேர் தொட்டிருக்கிறார்கள்.
ஒருத்தி நான்.

எல்லாம் தேன் என்று சொல்லமாட்டேன்.
தேர்வு வழிகாட்டி அத்தனைக்கும்
தன் கோச்சிங் சென்டர் நம்பரை ஒட்டிப் போனான் ஒருவன்.
சமையல் புத்தகம் ஒன்றில் ஒரு சாதிப் பெயர்.
அழித்தேன், வந்தது, அழித்தேன்,
நோம்பிக்கு மூன்று நாள் லீவு போட்டுத் திரும்பினால்
மறுபடி வந்திருந்தது.

ஒடியா எழுத்தில் ஒரு சொல்,
தமிழ் அரிச்சுவடியின் மேல்.
எனக்குப் படிக்கத் தெரியவில்லை.
செக்கிங்கில் இருக்கும் பிரமிளா நாயக்
பேப்பர் பார்க்க வந்தபோது காட்டினேன்.
"சம்பளம்னு எழுதிருக்கு" என்றாள்.
அரிச்சுவடிக்கு அதைவிடப் பொருத்தமாய்
எந்தத் தலைப்பும் தோன்றவில்லை எனக்கு.

இன்றைய விவகாரம் வேறு.
சாயமேற்றும் முறைகள் பற்றிய தடித்த நூல்.
நான் தந்தது: துணி, சாயம், வேதியியல்.
யாரோ சேர்த்தார்: நொய்யல்.
யாரோ புகார் செய்தார்: பொருத்தமில்லை.
நாற்பத்தோரு பேர் ஆமாம் என்றார்கள்.
பத்தொன்பது பேர்
எங்க பொழப்புல மண்ணைப் போடாதீங்க என்றார்கள்.
அந்தப் பத்தொன்பதிலும் இரண்டு பேர்
எனக்குத் தெரிந்தவர்கள், நல்லவர்கள்,
பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு தவறாமல் வருபவர்கள்.

நூலின் சொல்லடைவில் விரல் ஓட்டினேன்.
நைட்ரேட். நைலான். நொதி.
அடுத்தது ப.
நூலில் இல்லாதது தலைப்பில் வரக்கூடாது,
அதுதான் விதி, அதைத்தான் படித்துவிட்டு வந்தேன்.
முடிவு நிலுவை என்று அழுத்தினேன்.

கிளம்புமுன் இன்றைய தேடல்களைப் பார்த்தேன்.
ஒடக்கான்: ஒரு புத்தகம். இரவலில்.
லோன் கட்டலைன்னா என்ன பண்ணுவாங்க:
முடிவுகள் ஏதுமில்லை.
அதே கேள்வி, அதே ஆள்,
எழுத்தை மாற்றி மாற்றி நான்கு தடவை.
வாங்க வேண்டிய நூல்கள் நோட்டில்
கேள்வியை அப்படியே எழுதி வைத்தேன்.

வீட்டில் நான் ஊழியரில்லை.
எனக்கும் ஒரு வாசக எண் இருக்கிறது,
பெயரிடத்தில் ஒடக்கான் என்று போட்டிருக்கிறேன்.
குக்கர் மூன்றாம் விசிலுக்குக் காத்திருக்க
கை போனை எடுத்தது.

நாற்பத்திரண்டு.

நாளை பத்து மணிக்கு
பூட்டைத் திறந்து, கம்ப்யூட்டரை எழுப்பி,
அந்த நாற்பத்திரண்டு பேர் சொன்னதைச்
செல்லும், செல்லாது என்று
நான்தான் சொல்ல வேண்டும்.